டில்லிக்குப் போன பெயர்

1959 பிப்ரவரி 12, வியாழன்

வத்தலக்குண்டுப் பெண் ஒருத்தியின் கல்யாணப் போட்டோ. முகத்து அம்மைத் தழும்பையெல்லாம் நெகட்டிவிலேயே பென்சிலால் மூடித் தரச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலிருந்து ஸ்டூடியோவில் எனக்கு அதே வேலை, கண் எரிகிறது. இவர் கவுஞ்சி கிராமத்தில் எடுத்த சினிமாப் படம் டில்லிப் போட்டிக்குப் போய் இரண்டு மாதமாகிறது. ஒரு தகவலும் இல்லை. கேட்டால், "ஒன் சோலியப் பாரு அமீரு" என்கிறார். தபால்காரர் தலை தெரிந்தால் முதலில் வாசலுக்கு ஓடுவது யாராம்?

மார்ச் 3, செவ்வாய்

வந்துவிட்டது! வந்தேவிட்டது!

தந்தி ஆபீஸ் சேனாதிபதி அண்ணன் ஆள் அனுப்பாமல் தாமே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது. "பாய், ஒங்க படத்துக்கு மெரிட் சர்டிபிகேட்! டில்லிக்கு வந்து வாங்கிக்கிடச் சொல்லியிருக்காங்க!" இவர் தந்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

பதினெட்டு நிமிஷப் படம். கவுஞ்சி மேட்டு வயலில் உருளைக்கிழங்கு ஊன்றுவதில் தொடங்கி, மட்டக்குதிரை முதுகில் மூட்டை ஏறுவதோடு முடியும். மதராஸ் கம்பெனி ஒன்று பிலிம் கொடுத்தது, அவ்வளவுதான். மழையிலும் பனியிலும் எட்டு மாதம் கேமராவைக் கம்பளியில் சுற்றிப் பிள்ளையைப் போலத் தூக்கி அலைந்தவர் இவர். கொடைக்கானலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் பிச்சை முகம்மது. என் வீட்டுக்காரர். இன்னொரு தரம் எழுதிக்கொள்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள். என் வீட்டுக்காரர்.

மார்ச் 4, புதன்

இன்றைக்கு எத்தனை டீ போட்டேனோ. கால் கழன்று விழுகிறது. இன்னும் பத்துப் பேர் வந்தாலும் போடுவேன்.

மார்ச் 14, சனி

நோன்பு வைத்துக்கொண்டு இவ்வளவு கோபப்படலாமா? பட்டுவிட்டேன்.

கம்பெனியிலிருந்து கடிதம். மேடையில் வாசிக்கவும் சர்டிபிகேட்டில் எழுதவும் இவர் பெயரை 'பி. முகம்மது' என்று கொடுக்கப் போகிறார்களாம். 'பிச்சை என்பது அந்த இடத்தில் அவ்வளவு கௌரவமாக இராது. சம்மதமானால் கையெழுத்திட்டு அனுப்பவும்.' இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, ஒட்டி, தபாலிலும் சேர்த்துவிட்டு வந்துதான் சொல்கிறார்.

என்ன பேச்சு இது? யார் வைத்த பேர்? இவரைப் பெற்ற மாமிக்கு முதல் மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும், பழனி பஜாரில் ஏழு வீட்டு வாசலில் முந்தானையை ஏந்தி அரிசி வாங்கினார்கள். நல்லா இருந்த குடும்பம், வீட்டில் அரிசி இல்லாமலா? அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி இவர் நாக்கில் ஒரு சொட்டுத் தடவி, பிச்சை என்று கூப்பிட்டார்கள். பிச்சை கேட்டு வாங்கின பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்ள அல்லாவுக்கு மனசு வராதாம். மாமி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பார்கள்.

"கல்யாணப் பொண்ணு மூஞ்சில தழும்ப எடுக்குற மாதிரி ஒங்க பேர்லேர்ந்து ஒங்கம்மாவ எடுத்துட்டீங்களே" என்று கேட்டுவிட்டேன்.

 அப்புறம் சொன்னார். "பழனி ஸ்கூல்ல வாத்தியாரு எம் பேரக் கூப்புட்டா, பின் பெஞ்சுல நாலு பேரு கைய ஏந்திக் காட்டுவானுங்க. எட்டு வருசம் அமீரு. டில்லியில அத்தன பெரிய மனுசங்க முன்னால அத வாசிக்கணுமா? ஒனக்கென்ன, ஒம் பேர்லயே அமீர் இருக்கு, பணக்காரன்னு அர்த்தம்."

இதை இத்தனை வருஷம் என்னிடம் சொன்னதே இல்லை.

மார்ச் 16, திங்கள்

தபாலாபீசுக்குப் போனேன். பெயரை மாற்றாதீர்கள் என்று கம்பெனிக்குத் தந்தி கொடுக்கத்தான். பாரத்தில் பாதி எழுதியும் விட்டேன். "தந்தி யாரு பேர்ல போகணும் தங்கச்சி?" என்று சேனாதிபதி அண்ணன் கேட்டார்.

யார் பேரில்? பேருக்குரியவர் அவர். எட்டு வருஷம் பின் பெஞ்சைப் பார்த்தவரும் அவர். நான் யார்? பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கிழித்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

பெருநாள். புதுக் கோட்டுத் தைத்து வந்தது. போட்டுக் காட்டினார். மாப்பிள்ளைதான். பெயரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறினார். கொடை ரோட்டில் ரயில், மதராஸில் மாறி டில்லி. பஸ் நகரும்போது, "சிரிச்ச மூஞ்சியா இரு" என்றார். சிரித்தேன். பாதிதான் வந்தது.

மே 1, வெள்ளி

கடிதம்! நாலு பக்கம். இவர் நாலு வரிக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகையாம். பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளத்துக்காரர், அவரும் சின்னப் படம் எடுத்தவர். அவர் பெயர் தீன்கொரி. அப்படியென்றால் மூன்று சோழியாம். அவருக்கு முன்னால் பிறந்தவை தங்காததால், அவர் அம்மா அவரை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, மூன்று சோழி கொடுத்துத் திரும்ப வாங்கினாளாம். இதை அந்த மனுஷர் தெருவில் போகிறவருக்கு வழி சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னாராம். சொல்லிவிட்டு, "உங்கள் பெயரில் 'பி' எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்.

'நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன் அமீரு. பிறகு சொன்னேன். ஏழு வீடு, முந்தானை, கஞ்சி எல்லாம். இதுவரை யாரிடமும் நானாகச் சொன்னதில்லை. அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.'

அதன் பிறகு இவர் விழா அதிகாரியைத் தேடிப் போயிருக்கிறார். சர்டிபிகேட் எழுதி முடித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றாராம். அப்படியானால் வாசிக்கும்போதாவது முழுப் பெயரை வாசியுங்கள் என்று இவர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்.

வாசித்தார்களாம்! மைக்கில். ஜனாதிபதி நிற்கிற மேடையில், பிச்சை முகம்மது, மதராஸ் ராஜ்யம் என்று. 'சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அர்த்தம் தெரியாது என்பது வேறு விஷயம். எனக்குத் தெரியும். தலை குனியாமல் நடந்தேன்.'

மாமி, கேட்டீர்களா.

மே 5, செவ்வாய்

வந்துவிட்டார். கறுத்துப் போயிருக்கிறார். சர்டிபிகேட்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். இங்கிலீஷில் பி. முகம்மது. பரவாயில்லை, அது சர்க்கார் எழுத்து. உலகத்திலேயே அழகான காகிதம்.

மே 9, சனி

நாளை சாயங்காலம் பஜாரில் பாராட்டுக் கூட்டம். கம்பளிக்கடை இப்ராம்சா பாய் முந்நூறு நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். சர்டிபிகேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தாராம். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'நம் மலையின் பெருமை பி. முகம்மது அவர்கள்'.

என் முகம் போன போக்கைப் பார்த்து, "என்ன தங்கச்சி, எதும் தப்பாயிருச்சா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இனி அது என் வேலை இல்லை.

இவர் பேனாவை எடுத்தார். 'பி'க்கு அடுத்த புள்ளியின் மேலேயே 'ச்சை' என்று எழுதினார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இடம் பற்றாமல் எழுத்து நெருக்கிக்கொண்டு நின்றது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும்.

"விடுங்க பாய், முந்நூறு கெடக்கு. ஊருக்கே தெரிஞ்ச பேருதான?"

"தெரிஞ்ச பேரு நோட்டீஸ்லயும் இருந்துட்டுப் போகட்டுமே."

நானும் ஒரு பேனாவோடு எதிரில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அமீரு, இம்புட்டுச் சின்னதா எழுதுற? ரோட்டுல போறவனுக்குத் தெரிய வேண்டாமா? பெருசா எழுது."

பெரிதாக எழுதினேன்.