திருப்பிப் போட்ட முன் சீட்

ஜூன் 1, ஞாயிறு

காலையிலிருந்து மேற்குக் காற்று. தூறல் என்று பேர்தான், தரைகூட நனையவில்லை. கயாக் படகு வந்துவிட்டது. மூடிப்போன ஏதோ ரிசார்ட்டில் கிடந்ததாம். உக்கடத்தில் கார் பம்பர் ஒட்டுகிற கபீர் பாய் பழைய பிளாஸ்டிக்கோடு சேர்த்து எடுத்து எனக்குத் தள்ளிவிட்டார். மஞ்சள். இரண்டு பேர் உட்காரும் வகை. வெயிலில் வெளுத்திருக்கிறது. சீட் இரண்டும் இல்லை. அடியில் ஒரு வெடிப்பு.

"இப்படியே போனா நீ மீன் புடிக்க மாட்ட தம்பி, மீனு உன்னையப் புடிக்கும்." பாய் இறக்கிவிட்டுப் போகும்போது சொன்னது.

அம்மா: "ஏன்டா, குளிக்கற தொட்டியா இது?"

அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். டிவி சத்தம் கூடியது.

ஜூன் 2, திங்கள்

முதல் ஷிஃப்ட். காரமடை பஸ்ஸில் நின்றபடியே தூக்கம். பீளமேட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனி. தகடு வெட்டுகிற அதே பவர் பிரஸ். தை மாதம் அப்பாவின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தது இதுதான். மாசியில் இதே மெஷினில் எனக்கு வேலை. கைக்குப் பதில் வேலை. கம்பெனிக்குப் பெரிய மனசு என்று ஊரில் பேசுகிறார்கள்.

உள்ளே கை போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் தடுப்பு, கம்பெனியில் கார்டு என்பார்கள், அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. இருந்தால் உற்பத்தி குறையுமாம். கழற்றி அலமாரிமேல் போட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டை மட்டும் யாரும் கழற்றவில்லை.

தகடு வை, பெடலை மிதி, எடு. தகடு வை, பெடலை மிதி, எடு. பயம் இல்லை. கோபமெல்லாம் பஸ்ஸில் வரும்போதுதான். மெஷின் முன்னால் ஒன்றுமே இல்லை.

வாங்க வேண்டியவை: நாலு இஞ்ச் பிவிசி பைப், மூடி. ஜிஐ பைப். நட்டு போல்ட். வண்டியில் லக்கேஜ் கட்டும் ரப்பர் கயிறு. தேங்காய் எண்ணெய் (அம்மாவுக்கு).

ஜூன் 4, புதன்

எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அப்பா ஞாயிறுதோறும் லாரி டியூப்பில் உட்கார்ந்து அணைப் பின்தண்ணீரில் தூண்டில் போட்டவர். கை போன பிறகு டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. ஒற்றைக் கையால் டியூப்பில் போக முடியாது. கயாக்கில் முன்னால் அவர், பின்னால் நான். துடுப்பு நான் போடுவேன். தூண்டில் கம்பு குழாயில் நிற்கும். இடது கையால் ரீலைச் சுற்றினால் போதும்.

"வருவாரா?"

தெரியாது. வராவிட்டால் குளிக்கிற தொட்டி.

ஜூன் 5, வியாழன்

பர்மிஷன் போட்டு பாய் கடை. வெடிப்பில் நான் பூசியிருந்த பசையைப் பாய் நகத்தாலேயே உரித்துக் காட்டினார்.

"இதுல பசை நிக்காது தம்பி. அதே சாதிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தோணும்."

"பிளாஸ்டிக்லயும் சாதியா பாய்?"

"அதுல கலந்தா ஒட்டாது. நம்மாளுக ஒட்ட உட மாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

உடைந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து துண்டு வெட்டி, சூடு காட்டி, உருக்கி ஊற்றினார். மஞ்சளில் கறுப்புத் தழும்பு. ஒழுகவில்லை.

ஜூன் 7, சனி

பக்க மிதவைகள் முடிந்தன. இரண்டு பிவிசி பைப், இரு முனையும் மூடி, குறுக்கே ஜிஐ பைப். இனிக் கவிழ்வது கஷ்டம். சீட்டுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியின் காலை அறுத்தேன்.

அதிலேயே அப்பாவை உட்கார வைத்து அளவெடுத்தேன். எதிரில் மண்டியிட்டு.

"கையை நீட்டுங்கப்பா. எதுவரைக்கும் எட்டுது?"

"எட்டற வரைக்கும் எட்டும்."

குறித்தேன். மேல்தளத்தில் கம்பு செருகும் குழாய்க்கு இரண்டு பெரிய துளை. ட்ரில் சத்தத்துக்கு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தச் சத்தத்தை நான் யோசிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

முட்டாள். முன் சீட்டில் நானே உட்கார்ந்து பார்த்தேன். குழாய் இரண்டும் வலது பக்கம். இல்லாத கைப் பக்கம். எதிரில் இருந்து அளந்ததில் அவருடைய இடது எனக்கு வலதாகிவிட்டது. அப்படியே குறித்து அப்படியே துளைத்திருக்கிறேன். பழைய பிளாஸ்டிக். துளையைச் சுற்றி இப்போதே மயிரிழைக் கீறல். இன்னும் இரண்டு போட்டால் பிளந்துவிடும்.

சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வாசலுக்கு வந்தார். சுற்றிவந்து பார்த்தார். புரிந்துவிட்டது.

"மறுக்கா துளை போட்டுப்போடாத. சல்லடையா இது? சீட்டைத் திருப்பிப் போடு."

"பின்னால பாத்துட்டா வருவீங்க?"

"மீனு முன்னால மட்டுமா இருக்குது?"

வருவீங்களா என்று நான் கேட்கவே இல்லை. அவரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காற்று குறைவு. பின்தண்ணீர். நான், அப்பா, தவிட்டு உருண்டை, மண்புழு, அம்மா கட்டிய புளிச்சோறு. கரையில் ஆடு மேய்த்தவர் கேட்டார்: "ஏனுங்க, அவரு திரும்பி உக்காந்திருக்காரே, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" அப்பா சிரித்தார். தைக்குப் பிறகு முதல் தடவை.

மிதக்கிறது. ஒழுகவில்லை. கம்பு சரியாக அவருடைய இடது கைக்கு. ஆனால் முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரத்தில் இருவரும் நேருக்கு நேர். வீட்டில் இப்படி உட்கார்ந்ததே கிடையாது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் தக்கையைப் பார்க்கவில்லை. துடுப்பைப் பிடித்த என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. உள்ளங்கை அளவு. தானே ரீலைச் சுற்றி ஏற்றினார். நான் கழற்றிப் போட்டேன். அப்புறம் கேட்டார்.

"அந்த மெஷினுக்கு கார்டு போட்டாங்களா?"

மெஷினைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இல்லீங்கப்பா."

"நீ கேட்டியா?"

"இல்லீங்கப்பா."

தக்கை அமிழ்ந்தது. அவர் திரும்பவில்லை.

"துடுப்புக்கு ரெண்டு கை வேணும் கண்ணு."

மொத்தம் மூன்று ஜிலேபி. அம்மா வறுத்தாள். ரொம்ப நாளுக்கு அப்புறம் ருசி தெரிந்தது.

ஜூன் 16, திங்கள்

தூறல். முதல் ஷிஃப்ட். அலமாரிமேல் கிடக்கிற கார்டை மாட்டினால்தான் ஓட்டுவேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"உங்கப்பன் அது இல்லாமத்தான இத்தனை வருசம் ஓட்டுனான்?"

"அப்புறம் என்னாச்சுங்க?"

"வேலை வேணுமா வேண்டாமாப்பா உனக்கு?"

பெடலிலிருந்து காலை எடுத்தேன். பக்கத்து மெஷின்காரன் பார்க்காத மாதிரி தகடு அடித்துக்கொண்டிருந்தான்.

கேண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரலில் இன்னும் மீன் வாடை. இரண்டு கையிலும். பயமாக இருக்கிறது. இவ்வளவு நாள் அது இருந்ததே இல்லை. மேனேஜர் கூப்பிடுகிறாராம். போகிறேன்.