பால் வாளியில் வைன்

எஸ்டேட் லயம், செண்டாயான்
12.10.1986

அன்புத் தம்பி வீரமுத்துவுக்கு, அக்கா மயிலம்மாள் எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் நீலாவதியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன மாதம் உன் மச்சானுக்கு, வைன் செய்கிற முறை என்று நீ எழுதிக் கொடுத்த காகிதம்தான் காரணம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு மாதமாகச் சம்சுச் சாராயத்தின் பக்கமே போகாத மனுஷன். ஈரல் வீங்கியிருக்கிறது, ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை உன்னிடமும் சொன்னேன். பழச்சாறுதானே அக்கா, தீபாவளிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

லோபாக் ஊர்க் கடையில் அன்னாசி வாங்கி வந்து, பழைய பால் வாளியில் ஊறப்போட்டார். எத்தனை தேய்த்தாலும் போகுமா அந்த ரப்பர் பால் நாற்றம்? அதோடு பழம் புளித்த வாடையும் சேர்ந்து வீடே குமட்டுகிறது. சோறு இறங்கவில்லை தம்பி.

நுரைத்து அடங்கியதும், உள்ளே நிற்கும் காற்று போகும்வரை வேகமாகக் கலக்க வேண்டும், நாக்கில் சுருக்கென்று குத்தினால் காற்று இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தாயாமே. ஸ்டோரில் பால் கலக்குகிற பலகையைக் கொண்டுவந்து காலையும் மாலையும் கலக்குகிறார். கலக்கியதும் ஒரு கிளாஸ். காத்து போயிடுச்சான்னு பாக்குறேன்லா என்கிறார். பத்து நாளாகப் பார்க்கிறார், வாளியில் பாதி இல்லை. மீசையில் ஒட்டிய நுரையை நக்கிக்கொண்டு, இன்னும் குத்துது மயிலு என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இருபது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு காலி சோயா கிச்சாப் போத்தலில் ஊற்றி மூடி வைத்தார். வெடித்து, சாமி படமெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. துடைத்தவள் நான். அவரோ, பாத்தியா, காத்து இன்னும் இருக்கு என்று மறுபடியும் பலகையை எடுத்துக்கொண்டார். அவருக்குச் சாக்குச் சொல்ல உன் காகிதம் ஒன்று போதாதா?

நேற்று துவைக்கும்போது அவர் துண்டு சிவப்பாக இருந்தது. கேட்டால், வைன் கொட்டிடுச்சு என்கிறார். அன்னாசி வைன் மஞ்சளாகத்தானே இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் தீபாவளி முடியட்டும் என்கிறார். நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீ சொன்னால் கேட்பார். பதில் எழுதிக்கொண்டு உட்காராதே, கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறு. நீலாவதியையும் கூட்டி வா. எனக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை இருக்க வேண்டும் போல இருக்கிறது.

உன்மேல் கோபம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். உன் பிள்ளைகள் அப்பனோடு நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
மயிலம்மாள்