பாட்டுக்கு எழுந்து போகாதவர்கள்

12 அக்டோபர் 1986, ஞாயிறு

நான் இசையமைத்த முதல் படம் மாரண்டஹள்ளி டூரிங் டாக்கீசுக்கு வந்துவிட்டது. என் பெயரைப் பொடி எழுத்தில் போட்ட தயாரிப்பாளரை மன்னிக்கப்போவதில்லை.

இங்கே பாட்டு வந்தால் ஆண்கள் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். “உங்க பாட்டுக்குப் பத்துக் கட்டு பீடி காலியாவும் மாமா” என்று மைத்துனன் சவரி பஸ்ஸிலேயே கிண்டல் செய்தான்.

என் பாட்டு தொடங்கியதும் நான் திரையைப் பார்க்கவில்லை; வாசலையே பார்த்தேன். ஒருவன் எழுந்தான். “உக்காருய்யா, பாட்டு நல்லாருக்குது” என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார். உட்கார்ந்துவிட்டான். வேறு யாரும் அசையவில்லை.

“நீ போகலையா?” என்று சவரியைச் சீண்டினேன்.

“சும்மா இருங்க மாமா, கேக்க வுடுங்க.”

இத்தனை வருடமாக என்னைக் கோயில் ஆர்மோனியக்காரன் என்று இளக்காரம் செய்தவன், வீடு வரும்வரை அந்தப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டே வந்தான். நான் திருத்தவே இல்லை.