சின்னவள் இடுப்பில் இருந்த எடைக்கற்கள்

என் மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று ஆரம்பிப்பதுதான் முறை. முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் நீ நலமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கை ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள், முதலில் அதை மனசில் வாங்கிக்கொள், பிறகு ஒரு இடத்தில் உட்கார்ந்து மீதியைப் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் பேசினால் பாதியிலேயே எதையாவது கேலி பேசித் தப்பித்துவிடுவேன், உன் அம்மா பேசினால் அழுகைதான் வரும், சேதி வராது. அதனால் நம் தராசுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், தபாலில் போட நாள் இல்லை, படம் எடுத்துத்தான் அனுப்புவேன்.

அவ்வளவு தூரத்தில் வேலை பார்க்கிற உன்னிடம், அவளுக்கு வயிற்றுவலி, பரீட்சை பயம் என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். உண்மை அதுவல்ல. ஒரு வருடமாகவே அவள் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள். முதலில் பொரித்ததை விட்டாள், நல்லதுதானே என்றேன். பிறகு இனிப்பை விட்டாள், பிறகு காலைச் சாப்பாட்டை, கடைசியில் எங்களோடு உட்காருவதையே விட்டுவிட்டாள். வெயில் கொளுத்துகிறது, அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடுகிறாள். அம்மாதான் விடாமல் நச்சரித்துத் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் வியாழக்கிழமை தோறும் பள்ளிக்குப் போகிற வழியில் வந்து எடை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். வாராவாரம் எடை ஏறிக்கொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிள்ளை தேறிவிட்டாள் என்று சொன்னேன். அம்மா மட்டும், எடை ஏறுதுன்னு சொல்றீங்களே, அவ முதுகைப் பாத்தீங்களா, எலும்பை எண்ணலாம், உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையான்னு கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் விட்டேனா? அந்த கிளினிக் தராசைப் பழுது பார்த்ததே நான்தான், என் கை பட்ட தராசில் ஒரு கிராம் பிசகாது என்று சொல்லி, அதோடும் நிற்காமல் இரும்புக்கற்களைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தராசை மறுபடி சோதித்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் இருந்தது. உன் கண்ணைவிட என் தராசு மேல் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். முப்பது வருடம் இந்தத் தொழில் பார்த்தவனுக்கு வருகிற திமிர் அது.

போன வாரம் வியாழக்கிழமை எடை பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனவள் மாடிப்படியில் மயங்கி விழுந்திருக்கிறாள். விளையாட்டு டீச்சர் தூக்கியபோது உள்ளேயிருந்து ஏதோ கணீரென்று படியில் விழுந்ததாம். பழைய தலையணை உறையைக் கிழித்து இடுப்புக்கு ஒரு பட்டி தைத்து, அதற்குள் என் பித்தளை எடைக்கற்களை வைத்துக் கட்டியிருக்கிறாள். மரப்பெட்டியில் வரிசையாகக் குழி வைத்து இருக்குமே, அந்தக் கற்கள்தான். இப்போது எல்லாம் மின்தராசு, அந்தப் பெட்டியை நான் திறந்தே பல மாதம் ஆகிறது. வாரம் ஒரு கல் கூடியிருக்கிறது, நான் பிள்ளை தேறுகிறாள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன். சேதி வந்ததும் பள்ளிக்கு ஓடினேன். டீச்சர் மேஜைமேல் கற்களை வைத்துவிட்டு, இது உங்க கடையோடதான்னு பாருங்க சார் என்றார். நான் ஒரு கல்லை எடுத்து அதன் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளை எங்கே என்று கேட்டேன். அந்த டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன், மறக்கவும் கூடாது.

இது எங்கே ஆரம்பித்தது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டபோது எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியும். கடையில் இருக்கும் மேடைத் தராசில் அவளை ஏற்றி நிறுத்தி, மூட்டை வந்துடுச்சு, எல்லாரும் வழிவிடுங்க என்று சொல்லி எடையைச் சத்தமாகப் படிப்பது என் வழக்கம். சின்ன வயசில் குதித்துக்கொண்டு ஏறுவாள். போன வருடம் ஒரு நாள் பேக்கரிக்காரரும் அவர் மகனும் தராசு வாங்கிப் போக வந்திருந்தார்கள், அவர்கள் எதிரிலும் அதே கூத்தை நடத்தினேன். அந்தப் பையன் அவள் வகுப்பில்தான் படிக்கிறான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததை வைத்து அவளுக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் முதல் பள்ளியில் அவளுக்கு மூட்டை என்பதுதான் பெயராம். பெற்ற அப்பன் வைத்த பெயர், ஊர் விடுமா?

இதை அவள் வாயால் சொல்லித்தான் கேட்டேன். கூடவே இன்னொன்றும் சொன்னாள், அதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அக்கா வேலைக்காகவா அங்க போனா, யாரும் பாக்காத இடத்துல உக்காந்து சாப்பிடப் போனா, அதான் போன்ல முகத்தைக் காட்டமாட்டேங்குறா என்றாள். நான் உன்னையும் அதே மேடையில் ஏற்றியவன்தானே. நீ அடுப்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாய், கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் காணாமல் போய்விடுவாய், கூச்ச சுபாவம் என்று எல்லாரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு என் எதிரில் இருந்த இரண்டு பெண்களின் முகமே தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதுவது சுலபம், அதனால் எழுதவில்லை.

டாக்டரம்மா சொன்னது இதுதான். இது அடம் இல்லையாம், நோயாம், திட்டியும் போகாது கெஞ்சியும் போகாது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது, ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கிவிட்டது. ஒரே நாளில் நிறையக் கொடுத்தாலும் உயிருக்கு ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். அவளை முதுகு காட்டி நிற்க வைத்துத்தான் எடை பார்க்கிறார்கள், எண்ணை அவளிடமும் சொல்வதில்லை, என்னிடமும் சொல்வதில்லை. இளைத்துவிட்டாய், தேறிவிட்டாய், இரண்டையுமே யாரும் சொல்லக்கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அதே சாப்பாட்டைத் தானும் சாப்பிட்டுக்கொண்டு சாதாரணமாகப் பேச வேண்டும். அம்மா உட்கார்ந்தாள், இரண்டாவது வாயிலேயே அழுதுவிட்டாள், தட்டு அப்படியே திரும்பிப் போனது. நான் உட்கார்ந்தேன், அவள் வாயைத் திறக்கவே இல்லை. நேற்று ஒரு முட்டை, அரை டம்ளர் பால், அதுவும் நர்ஸ் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து. யார் கூட இருந்தால் சாப்பிடுவாய் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, அக்கா என்றாள். வேறு ஒரு பெயரும் சொல்லவில்லை. இந்த மாதம் தாண்டினால் பயமில்லையா என்று கேட்டேன், முதலில் இந்த வாரத்தைப் பார்ப்போம் என்றார்.

அதனால் நீ வா. லீவு தரமாட்டார்கள் என்றால் சொல்லாமல் வா. குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் முடி கொட்டியிருந்தாலும் வா. அவளைப் பார்த்ததும் அழாதே, வழியில் எங்காவது அழுதுவிட்டு வா, அவள் எதிரில் உன் தட்டில் இருப்பதை நிதானமாகச் சாப்பிடு, அது ஒன்றுதான் வேண்டும். நீயும் அங்கே வேளை தவறாமல் சாப்பிடு, இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நூறு வயசு நல்லா இரு, உன் தங்கைக்கும் அந்த ஆயுசு கிடைக்கட்டும். விமான நிலையத்துக்கு அம்மா மட்டும் வருவாள். நான் வரவில்லை. நீ கதவைத் தாண்டி வெளியே வரும்போது என் கண் உன் உடம்பை எடைபோடாமல் உன் முகத்துக்குத்தான் முதலில் போகும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா