சிவாஜிநகருக்குப் போன பல்லி

1998 ஜூன் 3, புதன்

நேற்று பெய்த மழைக்கு இன்று சாயங்காலம் ஈசல் கிளம்பியது. கிளம்பி என்ன? எல்லாம் ட்யூப்லைட்டைத்தான் சுற்றுகிறது. ட்யூப்லைட் இருப்பது கிழக்குச் சுவரில். கிழக்குச் சுவர் தடியனுடையது. அவன் தின்று தின்று நகரக்கூட முடியாமல் ஒட்டிக்கிடக்கிறான். தெற்குச் சுவர்ப் பல்லிகளான எனக்கும் தங்கை சின்னிக்கும் ஆளுக்கு ஒரு கொசு.

ஆத்திரம் தாங்காமல், "டேய் தடியா, கொஞ்சம் நகருடா" என்று கத்தினேன். கீழே அனந்தலக்ஷ்மி மாமி அப்போதுதான் மாமாவிடம், "இந்தக் குக்கர் இன்னும் நன்னா ஒழைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உடனே மேஜையை விரலால் தட்டினாள். "பாத்தேளா, பல்லியே சொல்லிடுத்து."

நான் எங்கே குக்கரைப் பற்றிப் பேசினேன்? ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. தொம்மலூரில் வேறு எந்தப் பல்லியின் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு?

(மாமா இங்க் பாட்டிலை மூட மறந்துவிட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் வால்நுனியால் எழுதுகிறேன். கையெழுத்து சுமாராக வருகிறது.)

ஜூன் 6, சனி

சின்னி போய்விட்டாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டு நாளாக நின்றுபோயிருந்தது. பகலில் சந்தானம் மாமா ஸ்டூல் போட்டு ஏறி, அதைக் கழற்றி, பழைய துண்டில் சுற்றி, ரிப்பேருக்காக சிவாஜிநகருக்குக் கொண்டுபோய்விட்டார். சின்னி அதற்குள்ளேதான் தூங்குவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் காலண்டருக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். விழித்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

ஜூன் 7, ஞாயிறு

கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பசிக்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

கடிகாரக் கடை சந்திரன் ஃபோன் செய்தார். பழசைச் சரிசெய்வதற்குப் பதில் ஒரு பாட்டரி கடிகாரமாக எடுத்துக்கொள்ளலாமாம். பழசை வாங்க ஓசூரில் ஆள் இருக்கிறாராம், வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவாராம். கடிகாரம் ஓசூருக்குப் போனால் சின்னியும் போவாளே. ஓசூர் எந்தச் சுவரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"இன்னிக்கே ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?" என்றார் மாமா.

இவர் கிளம்பினால் பையில் தொற்றிக்கொண்டு போய்விடலாம். இதுதான் சமயம் என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன். குக்கருக்குப் பலித்தது இதற்குப் பலிக்காதா?

மாமி நிமிர்ந்து பார்த்தாள். "தெற்கேர்ந்துன்னா சொல்றது. கிளம்பற நேரத்துல தெற்குப் பல்லி ஆகாது. கிழக்கேர்ந்து சொல்லட்டும், போகலாம்."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டார்.

போகாதே என்று சொன்னது நானா? நானேதானா? சனியன் பிடித்த வாய்.

ஜூன் 10, புதன்

இன்று வாயையே திறக்கவில்லை. மாமி காது கொடுத்துக் காத்திருந்தாள். "ஒண்ணுமே சொல்லலையே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மாமாவை உட்காரவைத்துவிட்டாள். "பஸ் ஏறப் பல்லிகிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

தடியனிடம் போய்க் கெஞ்சினேன். கிழக்கிலிருந்து ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும் என்றேன். "உன் தங்கச்சி போனா எனக்கென்ன? கொசு மிச்சம்" என்றான்.

நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

கையெழுத்து கோணலாக இருக்கும். வால் இல்லை. காலால் எழுதுகிறேன். மையும் இல்லை, கடிகாரத்துக்குப் போடும் எண்ணெய்தான்.

காலையில் மாமா சட்டை மாட்டும்போதே கிழக்குச் சுவருக்கு ஓடினேன். தடியன் குறுக்கே வந்தான். என்னைவிட இரண்டு மடங்கு இருப்பான். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவன் என் வாலைக் கவ்வினான். சரி, வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். அவன் துள்ளுகிற வாலோடு மல்லுக்கு நிற்கையில் நான் ட்யூப்லைட் மேல் ஏறிக் குரல் கொடுத்தேன்.

"கிழக்கு! பேஷாப் போயிட்டு வாங்கோ" என்றாள் மாமி.

மாமாவின் துணிப்பைக்குள் விழுந்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் கன்னடத்தில் "முந்தே ஹோக்ரீ, முந்தே ஹோக்ரீ" என்று எல்லோரையும் முன்னால் தள்ள, யாரோ ஒருவருடைய டிபன் கேரியர் என்னை நசுக்கிக்கொண்டே வந்தது. சிவாஜிநகரில் பை இறங்கியதும் கறிக்கடை வாசனை, அப்புறம் துணிக்கடை வாசனை, அப்புறம் எண்ணெய். எட்டிப் பார்த்தால் நாலு சுவரிலும் கடிகாரம்.

"சின்னி" என்று கூப்பிட்டுக்கொண்டே பையிலிருந்து சுவருக்குத் தாவினேன். எல்லாப் பக்கமிருந்தும் டிக் டிக் என்று பதில் வந்தது. எந்த டிக் அவளுடையது? தொண்டை வறளும்வரை கூப்பிட்டேன்.

"அண்ணா, வாலு எங்க?"

தலைக்கு மேல் விளக்கில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகக் கொழுத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வா, சீக்கிரம் பைக்குள்ள ஏறு" என்றேன்.

"எதுக்கு? நான் வரலண்ணா. இங்க லைட்டு எல்லாருக்கும் பொது. சந்திரன் எந்தக் கடிகாரத்தைத் திறந்தாலும் முதல்ல ஒரு தட்டு தட்டி, 'எழுந்துக்கோ தாயி'ன்னு சொல்லிட்டுத்தான் திறப்பாரு."

"உனக்காக வாலையே குடுத்துட்டு வந்திருக்கேன்டி!"

"நான் கேட்டேனா?" என்றாள். சொன்னதும் அவள் முகமே சுருங்கிவிட்டது. என் முகம் எப்படி இருந்ததோ.

கீழே சந்திரன், "சாவி குடுக்கற வேலையே இல்ல சார், சும்னே ரிப்பேருக்கு அலைய வேணாம்" என்று புதுக் கடிகாரத்தைப் பையில் வைத்துவிட்டார். மாமா கிளம்பினார். பைக்குள் குதித்திருக்கலாம். ஏன் குதிக்கவில்லை? கோபமா, சின்னியா, வால் போன வலியா? தெரியவில்லை.

ஜூன் 12, வெள்ளி

பழைய கடிகாரம் கோணிப்பையில் ஓசூருக்குப் போனது. சின்னி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

ஜூலை 16. கிழமை தெரியவில்லை, இந்தக் கடைக் காலண்டர் கன்னடத்தில் இருக்கிறது

இன்று மாமா வந்தார். பாட்டரி கடிகாரம் மெதுவாக ஓடுகிறதாம். சந்திரனிடம் ஒரே புலம்பல். "ஆத்துல ஒரு பல்லி இருக்கு, அதுவும் வாயைத் திறக்க மாட்டேங்கறது. எங்க கிளம்பினாலும் அவ காத்துண்டே நிக்கறா. ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகலை. இன்னிக்கு அவ தூங்கறச்சே நழுவி வந்துட்டேன்."

தடியனா பேசவில்லை? யாரைத் திட்டுவான், பாவம். அந்தப் பெரிய சுவரில் தனியாக. அவனை நினைத்து எனக்கு மனசு கஷ்டப்படும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பை கவுண்டர் மேல் வாயைத் திறந்தபடி கிடந்தது. சின்னி என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அப்புறம் கூரையைப் பார்க்கிற மாதிரி நடித்தாள்.

அந்த நேரம் பார்த்து விளக்கில் ஒரு பெரிய ஈசல் வந்து மோதியது.

"நீ அந்தப் பக்கமா வா, நான் இந்தப் பக்கம் மடக்கறேன்" என்றேன்.

பிடித்தபோது மாமா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார். ஆளுக்குப் பாதி தின்றோம். சின்னி பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.