பிரேக் குழாய்த் துளை

மார்ச் 3, செவ்வாய்

கணக்கு முடிந்தது! ட்ரோட்ரோ மினிபஸ்ஸின் அடிச்சட்டத்தைக் கணினிக்குள் இரண்டு லட்சம் துண்டுகளாகப் பிரித்து, எங்கள் குமாசி ஊர் ரோட்டின் பள்ளம் மேடெல்லாம் போட்டுக் குலுக்கிவிட்டேன். எங்கே விரிசல் விடும் என்று தெரிந்துவிட்டது: பற்றவைத்த இணைப்பில். விடையை உறையில் போட்டு ஒட்டி, என் பேராசிரியர் டாக்டர் அன்ட்வியிடம் கொடுத்தாயிற்று. சோதனைக்கூடத்து இயந்திரம் நிஜச் சட்டத்தைக் குலுக்கி உடைத்த பிறகுதான் பிரிப்பார். சரியாக இருந்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் எனக்கு. தப்பென்றால் அக்ராவில் வங்கி வேலை. அம்மா அதற்கு இப்போதே கவுன் தைத்து வைத்துவிட்டாள்.

மார்ச் 5

நிஜச் சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்தவள் என் பள்ளித் தோழி சார்போமா. விடையை அவளிடம் உளறித் தொலைத்தேன். பட்டறையிலிருந்து நேரே இங்கே வந்து நிற்கிறாள்.

"என் வெல்டிங் விட்டுடுமா? அதைப் பத்தி உன் பெட்டிக்கு என்னடி தெரியும்?"

திரையைக் காட்டினேன். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"துளை எங்கே?"

"எந்தத் துளை?"

"பிரேக் குழாய் போறதுக்கு எல்லா வண்டியிலயும் போடுவோமே. உனக்குக் குடுத்ததுலயும் போட்டிருக்கேன்."

வரைபடத்தில் அது இல்லை. சட்டம் பக்கத்து அறையில்தான் கிடக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்தேனா? ஐயோ, மானம் போச்சு.

மார்ச் 6

துளையைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். மதியம் கரண்ட் போச்சு. முதலிலிருந்து.

மார்ச் 7

திரையில் துளையின் ஓரம் செக்கச்செவேல், விரிசல் விடப்போகிற இடம் அதுதான்! இணைப்பு நீலமாக, சாதுவாக இருக்கிறது. ஆனால் உறை? தப்பென்று நானே போய்ச் சொல்லணுமே—

மார்ச் 9

அன்ட்வியிடம் சொல்லிவிட்டேன். முதல் உறையைத் திருப்பித் தர மாட்டாராம். இரண்டாவதையும் வாங்கி வைத்துக்கொண்டார், இரண்டையும் எல்லார் முன்னாலும் பிரிப்பாராம். இரண்டு விடை சொன்னவளுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

மார்ச் 13

குலுக்கல் தொடங்கி நாலு நாள். ஒன்றும் ஆகவில்லை. சார்போமா கென்கே என்கிற சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்து இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். என் பங்கையும் அவளே தின்கிறாள்.

மார்ச் 17

விரிசல்! துளையில்! மயிரிழை அளவு கோடு, நான் சொன்ன அதே ஓரத்தில்! இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தோம். அப்புறம் அவள் அன்ட்வி கையிலிருந்து என் முதல் உறையைப் பிடுங்கிப் பிரித்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள், பாவி. கூடமே சிரித்தது. அன்ட்வி மட்டும் சிரிக்கவில்லை.

"முதல்ல ஏன் தப்பாச்சு? அதையே உன் ஆய்வேட்டுக்கு முதல் அத்தியாயமா வச்சுக்கோ."

என் ஆய்வேடு! மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். என் ஆய்வேடு, என் ஆய்வேடு.

ஏப்ரல் 21

காலையில் சார்போமா போன். புது வண்டி வந்திருக்கிறதாம், துளைப்பான் கையில் இருக்கிறதாம்.

"எங்கடி போடட்டும்?"

தொடாதே என்று சொல்லிவிட்டு அளவுநாடாவோடு ஓடினேன். வங்கிக்கென்று தைத்த கவுனைத்தான் போட்டிருந்தேன். வண்டிக்கு அடியில் படுத்து அளந்ததில் முதுகெல்லாம் கிரீஸ்.