நீல வாளியும் தலை தீபாவளியும்

தீபாவளி, இரவு.

நீண்ட யோசனைக்குப் பிறகு காலையில் ஒரு முடிவெடுத்தேன்: தண்ணீருக்கு நீல வாளி, மணலுக்குச் சிவப்பு வாளி. எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் காலனியில் பட்டாசுப் பாதுகாப்பு என் பொறுப்பு. அதை என் தலையில் கட்டியவர் எதிர்வீட்டு ரங்கராஜன். பல வருடங்களாக ஏரிக்கரையில் என்னோடு காலை நடை வருபவர்.

"நீங்க விசில் ஊதினா போதும் சார், ஒருத்தன் திரி கிள்ள மாட்டான்" என்றார்.

அரசு அனுமதித்த நேரம் எட்டு மணியோடு முடிந்தது. ஊதினேன். காலனி அடங்கியது. பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்பது மணிக்கு ரங்கராஜனின் புது மாப்பிள்ளை வந்து இறங்கினார். தலை தீபாவளி. தாம்பரம் நெரிசலில் கார் மாட்டிக்கொண்டதாம். உடனே ரங்கராஜன் தெருவில் பத்தாயிரம் வாலாவை விரித்தார்.

"சார், மணி ஒன்பது!"

"மாப்பிள்ளை முன்னாடி மானத்த வாங்காதீங்க சார். ரெண்டு நிமிஷம்."

பற்றவைத்துவிட்டு வாசற்படி ஏறிக்கொண்டார். நான் நீல வாளியோடு ஓடி, பாதிச் சரத்தை அணைத்தேன். புகைக்குள் தனியாக நின்றபோது ரோந்து ஜீப் வந்தது.

"யாருய்யா வெடிச்சது?"

ரங்கராஜன் படியிலிருந்து நிதானமாகச் சொன்னார்: "இங்க பட்டாசுக்கெல்லாம் சார்தான் இன்சார்ஜ்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எஸ்.ஐ. என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

வழக்கு என் பெயரில் பதிவாகியிருக்கிறது. சாட்சிக் கையெழுத்தை ரங்கராஜன் போட்டார்.